அன்னாசி கண்ணாடி வீட்டில் பேர் வாங்கின காளான்

போன ஐப்பசியில் வெள்ளக்கடை மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பித் தோட்டத்து ஓரத்தில் சில்வர் ஓக் அறுத்த சீவல் குவியல். ரெண்டு நாள் மழைக்கு அதில் எலுமிச்சை மஞ்சளில் குட்டிக் குட்டிக் குடைகள்! மாமா பேத்தி ஒரு கைப்பிடி பறிச்சு வந்து "குழம்பு வைங்க பாட்டி"ன்னு நீட்டினா. "புத்துக் காளான்னா சரி, மரத்தூள்ல வந்தது வேண்டாம்டி"ன்னாங்க அத்தை. மாமாவோ, "சின்ன வயசுல நாங்க தின்னுருக்கோமே"ன்னார். வீட்டில் பட்டிமன்றம்தான்.

நமக்குக் கை சும்மா இருக்காதே. ஒரு குடையைக் கவுத்து, கறுப்புத் தாள் மேல வச்சு டம்ளரால மூடினேன். காலையில் தாளில் வெள்ளைத் தூள். குடை மேல மஞ்சள் பொடி, ஓரத்தில் வரி வரியாக் கோடு, தண்டில் மெல்லிசா ஒரு வளையம், செவுள் தண்டைத் தொடலை. லூகோகாப்ரினஸ் பிர்ன்பாமி. தின்னா வயித்தைக் கலக்கும். மாமா தின்னது வேற ஏதாவது மஞ்சளா இருந்திருக்கும்.

இதோட பேர்க் கதைதான் சுவாரசியம். இது வெப்ப நாட்டுக் காளான். ஆனா முதல்ல எழுதி வச்சவர் குளிர் நாட்டு ஆள், இங்கிலாந்தின் ஜேம்ஸ் போல்டன். 1785ல் ஹாலிஃபாக்ஸ் பக்கம் அன்னாசி வளர்க்கிற சூட்டு வீட்டில் பார்த்தார். அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு அன்னாசி ஒரு அந்தஸ்து. தோல் பதனிட்டு மிஞ்சின ஓக் மரப்பட்டையைக் குழியில் கொட்டி, அது புளிச்சு வர்ற சூட்டில் வளர்ப்பாங்க. செடியும் மண்ணும் கப்பல் ஏறினப்போ காளானும் டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கணும்.

1788ல் போல்டன் 'அகாரிகஸ் லூட்டியஸ்'னு பேர் வச்சார். லூட்டியஸ்னா மஞ்சள். பாவம், அந்தப் பேரை ஏற்கனவே வேற காளானுக்கு வச்சாச்சு, செல்லலை. அப்புறம் பிராகில், அங்கேயும் அன்னாசிக்கு நடுவில்தான், பிர்ன்பாம்ங்கிற தோட்ட மேற்பார்வையாளர் கண்டெடுத்தார். 1839ல் கோர்டா அவர் பேரையே வச்சுட்டார். 1962ல் சிங்கர் இதை லூகோகாப்ரினஸ் கூட்டத்தில் சேர்த்தார். லூகோன்னா வெள்ளை. மஞ்சள் காளானுக்கு வெள்ளைப் பேர், எல்லாம் அந்தத் தூளால் வந்தது.

யோசிச்சா, அந்தக் குவியலே ஒரு வெளியூர்க் கூட்டம். சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். பக்கத்துக் காப்பி, 1820களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்தது.

அத்தை எந்தப் புத்தகமும் படிக்கலை, ஆனா சரியாச் சொன்னாங்க. மாமா மட்டும் இன்னும் ஒத்துக்கலை.