தளத்துப் பயணிகளின் ‘ரஜூலா’

பம்பாய்க்கு வந்த தமிழரைப் பெரும்பாலும் புகைவண்டி சுமந்தது; மலேயாவுக்குச் சென்ற தமிழரைக் கப்பல் சுமந்தது. அக்கப்பல்களுள் நெடிது உழைத்தது ‘ரஜூலா’.

விக்டோரியா அரசியார் காலத்தில், 1856-இல், கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் சுமக்கத் தோன்றிய நிறுவனமே பின்னர்ப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஆயிற்று. அக்கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்றது ரஜூலா. சென்னையில் புறப்படும், ஆழ்துறை இல்லா நாகப்பட்டினத்தில் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுப் படகில் வருவோரை ஏற்றும், பினாங்கு வழியே சிங்கப்பூர் சேரும்.

மேல்வகுப்பினர்க்கு அறைகள் இருந்தன. ஏனையோர்க்குத் தளமே வீடு. விரித்த பாயின் அளவே உரிமை. தொடக்கத்தில் அத்தகைய பயணியர் 5,000 பேருக்கும் மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது! இரப்பர்த் தோட்டங்கள் அவர்களை அழைத்தன. தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடுத்தது. அடுத்து மூண்ட உலகப் போரில் ரஜூலா படைவீரரைச் சுமந்தது. போர் ஓய்ந்தபின் மீண்டும் நம்மவரைச் சுமந்தது.

1973-இல் இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி ‘ரங்கத்’ எனப் பெயர் மாற்றியது. மறு ஆண்டே நம் பம்பாயில் அது உடைக்கப்பெற்றது. மலேயாத் தமிழரைச் சுமந்த இரும்பு, பம்பாய்த் தமிழரின் வாயிலில் வந்து முடிந்தது.

கப்பலின் வரலாறு ஏடுகளில் உண்டு. தளத்தில் படுத்துச் சென்றோர் வரலாறு குடும்பங்களின் நாவில்தான் உண்டு. தேவ்நாரிலோ செம்பூரிலோ நம் இல்லத்துப் பெட்டியில் கடல் கடந்த பாட்டனாரின் கடிதம் ஒன்று இருக்குமாயின், அதனைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுதல் நம் கடன்.