ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வரை காத்திருக்கணுமா? மனு போடும் தேதி ஏன் முக்கியம்?

கணவன், மனைவி பிரிஞ்சு வாழ ஆரம்பிச்சதும் பல வீடுகளில் வரும் முதல் அறிவுரை, "கொஞ்சம் பொறுத்துக்கோ, பெரியவங்க பேசி முடிக்கட்டும்" என்பதுதான். பேசுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஆறு மாதம், ஒரு வருஷம் என இழுக்கும்போது வீட்டு வாடகையும் பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸும் காத்திருக்காது. விவாகரத்து தீர்ப்பு வந்தால்தான் ஜீவனாம்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விவாகரத்தே கேட்காமலும் ஜீவனாம்சம் கேட்கலாம்.

எந்தச் சட்டத்தில் கேட்பது?

இதுவரை நாம் கேள்விப்பட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகிவிட்டது. நம்பர் மாறியிருக்கிறது, அடிப்படை உரிமை மாறவில்லை. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத மனைவி, மைனர் பிள்ளைகள், வயதான பெற்றோர் இதில் மனு போடலாம். விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் இங்கே 'மனைவி'தான். இதில் மதம் தடையில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் இந்தப் பிரிவில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்தது.

கணவன் கேட்க முடியுமா? இந்தப் பிரிவில் முடியாது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் வழக்கு நடக்கும்போது, 24-வது பிரிவின் கீழ் இருவரில் யார் வேண்டுமானாலும் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்.

மனுவை எங்கே போடுவது என்ற குழப்பமும் உண்டு. கோவையில் குடும்பம் நடத்திய பெண் இப்போது திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருக்கிறார் என்றால், திருநெல்வேலியிலேயே போடலாம். குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்.

தேதியில் என்ன இருக்கு?

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. ஜீவனாம்சம் உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கோர்ட்டும் ஒவ்வொரு தேதியை எடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மாதம் 10,000 ரூபாய் என்று உத்தரவு வருகிறது. மனு போட்டு 2 வருஷம் கழித்து உத்தரவு வந்தாலும், 24 மாத நிலுவையாக 2,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆனால் மனு போடுவதற்கு முன் பேச்சுவார்த்தையில் போன மாதங்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பேசுறதை நிறுத்தச் சொல்லவில்லை. மனுவைப் போட்டுவிட்டும் பேசலாம், கோர்ட்டே சமரசத்துக்கு அனுப்பும்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போவதும் உண்டு.

வருமானத்தை மறைத்தால்?

இந்த வழக்குகளில் பெரிய சண்டையே இதில்தான். கல்யாணம் பேசும்போது லட்சத்தில் சொன்ன சம்பளம், கோர்ட்டுக்கு வந்ததும் ஆயிரத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் அதே 2020 தீர்ப்பு, இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யணும் என்றது. அதில் பொய் சொன்னால் தனியாக நடவடிக்கை வரும். இது மனைவிக்கும் பொருந்தும். தான் வேலை பார்ப்பதை மறைத்து, பிறகு அது வெளியே வந்தால் மொத்த வழக்கின் நம்பகத்தன்மையும் போய்விடும். வேலை பார்க்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சம் மறுக்கப்படுவதில்லை என்பதால், மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. "படிச்சவங்கதானே, சம்பாதிக்கட்டும்" என்ற வாதம் மட்டும் போதாது. சம்பாதிக்கும் தகுதி வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு.

கையில் இருக்கும் சம்பளச் சீட்டு, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வாடகை ஒப்பந்தம், மருத்துவ பில் எல்லாவற்றையும் எடுத்து வைங்க. சம்பளத்தில் 25 சதவீதம் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு வழக்கில் அந்த அளவு நியாயமானது என்றது, சட்டத்தில் அப்படி எந்த சதவீதமும் இல்லை.

கையெழுத்து போடும் முன்

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் "பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இந்த ஒரு வரி ஆபத்தானது. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழ்ந்தால் 144-வது பிரிவில் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. தகுந்த காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுத்தாலும் கிடையாது. அடி, உதை, வரதட்சணைத் தொந்தரவு தாங்காமல் வெளியே வந்த பெண், என்னவென்று தெரியாமல் அந்தத் தாளில் கையெழுத்து போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். வந்ததற்கான காரணம் அந்தத் தாளில் இருக்காது.

பிள்ளைகள் விஷயம் தனி. அம்மா "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும், பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை அதனால் போகாது.

உத்தரவு வந்தும் பணம் வரலைன்னா?

நிறைவேற்று மனு போடணும். பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போடணும், இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். சொத்தை ஜப்தி செய்யலாம், பாக்கி உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை ஜெயிலும் உண்டு. ஜெயிலுக்குப் போய் வந்தால் பாக்கி தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது, பணத்தைக் கட்டியே ஆகணும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். உதவி எண் 15100.