புளூட்டோ குழாய்களும் பதினேழு கோடி கேலனும்

இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலடியில் போடப்பட்ட புளூட்டோ குழாய்கள், ஐரோப்பியப் போர் ஓய்ந்த 1945 மே 8ஆம் நாளுக்குள் 17.2 கோடி இம்பீரியல் கேலன் பெட்ரோலைக் கொண்டுசேர்த்தன என்பது நூலுக்கு நூல் எடுத்தாளப்படும் கணக்கு. திட்டத்தைப் போற்றுவோர் இதையே வெற்றிக்குச் சான்றாக்குகின்றனர். குறைத்து மதிப்பிடுவோரும் இந்த மொத்தத்தைத் தொடுவதில்லை. பிரிட்டனிலிருந்து படைகளுக்குப் போன எரிபொருளில் குழாயின் பங்கு சுமார் 8 விழுக்காடுதான் என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். அந்த மொத்தம் மே 8க்குள் அடங்கவே அடங்காது என்று கருத இடமிருக்கிறது.

டன்ஜெனசிலிருந்து பூலோன் பக்கம் சென்ற ‘டம்போ’ தடம் 1944 அக்டோபர் 26இல் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் மே 8 வரை 195 நாள், 17.2 கோடியை வகுத்தால் நாளுக்குச் சராசரி 8.8 லட்சம் கேலன். ஆனால் மொத்தத்தைத் தரும் அதே வரலாறுகள் நாள்வீதத்தையும் தருகின்றன: ஜனவரியில் 300 டன், மார்ச்சில் 3,000 டன், கடைசியில் உச்சமாக 4,000 டன். டன்னுக்கு ஏறத்தாழ 300 கேலன் என்று கொண்டால் ஜனவரி வீதம் 90 ஆயிரம் கேலன், உச்சவீதம் 12 லட்சம். குழாய்க்குச் சாதகமாகவே கணக்கிடுவோம். பிப்ரவரி முதல் நாளிலிருந்தே உச்சவீதம் ஓடியதாக வைத்தாலும் 97 நாளில் 11.6 கோடிதான், அதற்கு முந்தைய 98 நாளுக்கு ஜனவரி வீதப்படி 88 லட்சம். இரண்டும் சேர்ந்து 12.5 கோடி, 4.7 கோடி துண்டு விழுகிறது. மார்ச்சுக்கு அதற்குரிய வீதத்தையே கொடுத்தால் துண்டு இன்னும் பெரிதாகும். நவம்பர், டிசம்பரில் கூடுதலாக ஓடியிருக்கலாமே என்பர். அப்படியானால் ஜனவரியைப்போல் எட்டு மடங்குக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். அது நம்பக் கடினம். ஷெர்பூர்த் தடமான ‘பாம்பி’யின் பங்கைச் சேர்க்கலாம் என்ற வாதம் நெடுநேரம் நிற்காது, அத்தடம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் 4இல் கைவிடப்பட்டது. மே 8க்குப் பிறகும் பெட்ரோல் ஓடியது. ஆகவே 17.2 கோடி என்பது குழாய்களின் முழு ஆயுளுக்கான கூட்டுத்தொகை, வெற்றிநாள் பின்னர் ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருந்தும்.

இந்தத் திருத்தம் குழாயைக் குறைத்துப் பேசுவோர் பக்கம் சாய்வதாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பொறியாளர் ஹார்ட்லி வடிவமைத்த குழாய், உள்கம்பி நீக்கிய கடல்தந்திக் கம்பியே: நடுவில் ஈயக்குழல், மேலே நிலக்கீல் தோய்ந்த காகிதம், எஃகுப்பட்டி, சணல், கடைசியாக எஃகுக்கம்பிக் கவசம். 1942 டிசம்பரில் ஸ்வான்சீ–இல்ஃப்ரகோம்ப் இடையே அதைச் சோதித்துத் தேறினார்கள். அந்தத் தொலைவு சுமார் 30 மைல். டம்போவும் ஏறத்தாழ அவ்வளவே. பாம்பியோ 70 மைல். சோதித்த நீளத்தில் குழாய் வென்றது, சோதிக்காத நீளத்தில் தோற்றது. பாம்பிக்கு வந்த இடர்களைக் கருவியின் குறை என்றே எழுதிவருகின்றனர். ஆனால் 1944 ஆகஸ்ட் 12இல் இறக்கிய முதல் குழாயைக் கெடுத்தது காவல்கப்பல் ஒன்றின் நங்கூரம். இன்னொரு வகையான எஃகுக்குழாயைச் சுற்றிய மிதவை உருளை சுழல மறுத்ததற்குக் காரணம், காத்துக்கிடந்த மாதங்களில் அதில் ஏறிப் படிந்த கொட்டலசுகள். முன்னது விபத்து, பின்னது காலதாமதத்தின் விளைவு. ஷெர்பூர் ஜூன் கடைசியில்தான் வீழ்ந்தது. கண்ணிவெடி அகற்றித் துறைமுகத்தைத் திறக்க மேலும் வாரங்கள் பிடித்தன.

எனவே 8 விழுக்காடு என்ற சராசரி, ஒன்றோடொன்று ஒட்டாத இரு காலங்களைக் கலந்து வந்தது. அமெரிக்கத் தளபதி பேட்டனின் படை பெட்ரோலின்றி நின்ற ஆகஸ்ட் இறுதியில் குழாயின் பங்கு சுழியம். ரைன் நதியைக் கடந்த 1945 மார்ச்சில் அது நாளுக்கு 3,000 டன். முதலாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஷெர்பூரை நம்பி நாள் குறித்தவர்கள், குழாய் செய்தவர்கள் அல்லர்.