குழந்தை பராமரிப்பாளரின் ஊதிய வரி: அமெரிக்கச் சட்டம் யாரைத் தொழிலாளியாகக் கணக்கிடுகிறது?

அமெரிக்காவில் ஒரு குடும்பம் வாரத்தில் சில மணி நேரம் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வழக்கமாக அமர்த்தினாலும், சட்டத்தின் பார்வையில் அக்குடும்பம் முதலாளியாகக்கூடும். என்ன வேலை, எவ்வாறு செய்ய வேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்குமாயின், அவரைச் சுயதொழில் செய்பவர் எனக் கூறிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. 'நானி டாக்ஸ்' எனப்படும் இவ்வரி, உண்மையில் அத்தொழிலாளியின் முதுமைக்கால உரிமை குறித்த சிக்கலாகும்.

விதிகள்

2025ஆம் ஆண்டில் ஒரு பணியாளருக்கு 2,800 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்க ஊதியம் தரும் குடும்பம், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளைச் செலுத்த வேண்டும். ஊதியத்தில் 7.65 விழுக்காடு பணியாளரின் பங்கு. அதே அளவு முதலாளியின் பங்கு. குடும்பம் தன் வருமான வரிக் கணக்குடன் 'ஷெட்யூல் எச்' படிவத்தை இணைக்க வேண்டும். பணியாளருக்கு 'டபிள்யூ-2' படிவம் வழங்க வேண்டும். பிள்ளை பராமரிக்கும் 18 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு இவ்வரிகள் பொதுவாகப் பொருந்தா.

ஓய்வூதியம் பெற 40 வரவுப் புள்ளிகள் தேவை. 2025இல் 1,810 டாலர் ஊதியத்திற்கு ஒரு புள்ளி. ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு. வரி செலுத்தாமல் கையில் கொடுக்கப்படும் ஊதியம் இக்கணக்கில் ஏறுவதில்லை.

விலக்கின் வரலாறு

1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலையையும் விவசாயக் கூலி வேலையையும் விலக்கி வைத்தது. வரி வசூலிப்பது கடினம் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. ஆயினும் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் செனட் குழுவின் முன் சாட்சியமளித்த வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், அம்மசோதாவைக் கறுப்பர்கள் வழுவி விழும் சல்லடையோடு ஒப்பிட்டார். பிறப்பைக் குறிப்பிடாமல் தொழிலைக் குறிப்பிட்டே மக்களை வெளியே நிறுத்தும் உத்தி நமக்கும் புதிதன்று.

1950ஆம் ஆண்டுத் திருத்தம் முறையாகப் பணிபுரியும் வீட்டுத் தொழிலாளரை உள்ளே கொண்டுவந்தது. 1993இல் அதிபர் கிளிண்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழிந்த ஜோ பேர்ட், ஆவணமற்ற குடியேறிகளை வீட்டுப் பணிக்கு அமர்த்தியதும் வரி செலுத்தாததும் வெளியானதால் விலக நேர்ந்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம், காலாண்டுக்கு 50 டாலராக இருந்த வரம்பை ஆண்டுக்கு 1,000 டாலராக உயர்த்தியது. குடும்பங்களின் சுமை குறைந்தது. குறைந்த ஊதியம் பெற்றோர் பலர் காப்புக்கு வெளியே சென்றனர்.

இன்றும் உள்ள ஓட்டை

வரம்பு ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. ஒரே வீட்டில் ஆண்டுக்கு 10,000 டாலர் ஈட்டுபவருக்கு நான்கு புள்ளிகள் கிடைக்கும். நான்கு வீடுகளில் தலா 2,500 டாலர் ஈட்டுபவருக்கு, அவ்வீட்டார் அனைவரும் சட்டப்படி நடந்தாலும், ஒரு புள்ளியும் இல்லை. உழைப்பும் ஊதியமும் சமம். உரிமை மட்டும் சமமன்று.

வீட்டுத் தொழிலாளருக்கான 2011ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை எண் 189, சமூகப் பாதுகாப்பில் அவர்களுக்குப் பிற தொழிலாளருக்குக் குறையாத நிலையைக் கோருகிறது. அமெரிக்காவும் இந்தியாவும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.