அலையோரத்து மெய்ம்மை: வின்ஸ்லோ ஹோமரின் கடல் ஓவியங்கள்

மலை நிற்கும், மரம் நிற்கும், மனிதனும் சிறிது நேரம் அசையாது அமர்ந்திருப்பான். அலை மட்டும் ஓவியனுக்காக ஒரு நொடியும் நிற்பதில்லை. ஆதலால் கடலைத் தீட்டியோருள் பலர், கண்ட கடலை விடுத்துத் தம் மனத்தில் புனைந்துகொண்ட கடலையே திரையில் ஏற்றினர். கண்டதையே தீட்டுவது என உறுதி பூண்டு, வாழ்வின் இறுதி இருபத்தேழு ஆண்டுகளை ஒரு பாறைக் கரையில் கழித்தவர் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர்.

ஹோமர் 1836 பிப்ரவரி 24 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். நீர்வண்ண ஓவியத்தில் தேர்ந்த அன்னை ஹென்றியெட்டாவே அவருக்கு முதல் ஆசான். பத்தொன்பதாம் வயதளவில் பஃபர்ட் என்பாரின் கல்லச்சுக் கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இசை ஏடுகளுக்கு மேலட்டைப் படம் வரைந்த அந்நாட்களை அவர் தளையாகவே கருதினார். இருபத்தோராம் வயதில் அங்கிருந்து வெளியேறியவர், அதன்பின் எவரிடமும் நிலையான ஊழியம் ஏற்கவில்லை.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழின் பொருட்டுப் போர்முனைக்குச் சென்றார். வெற்றி முழக்கத்தைக் காட்டிலும் பாசறையின் சலிப்பும், காத்திருத்தலும், வீட்டு நினைவும் அவர் கோடுகளில் மிகுதியாக இடம்பெற்றன. 1866இல் தீட்டிய 'முன்னணியிலிருந்து வந்த கைதிகள்' என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. வென்றவனும் தோற்றவரும் எதிரெதிர் நிற்கும் அவ்வோவியத்தில் ஆரவாரம் இல்லை. ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் பார்வை மட்டுமே உண்டு. செய்தியாளனின் கண்ணும் ஓவியனின் பொறுமையும் ஒன்றிய இடம் இது.

1870களில் சிறுவர்களும் பண்ணைகளும் அவர் பாடுபொருளாயினர். 1873 முதல் 1876 வரை உழைத்து முடித்த 'நற்காற்று' ஓவியத்தில் ஒரு மீனவரும் மூன்று சிறுவரும் பாய்ப்படகில் விரைகின்றனர். கடல் அங்கே இன்னும் விளையாட்டுக் களமே. அக்கடல் முகம் மாறியது இங்கிலாந்தில்.

1881இன் வசந்தத்தில் வட கடலோரத்துக் கல்லர்கோட்ஸ் என்னும் மீனவர் சிற்றூருக்குச் சென்ற ஹோமர், 1882இன் இறுதிவரை அங்கேயே தங்கினார். வலை பழுது பார்க்கும் பெண்கள், கூடை சுமக்கும் பெண்கள், புயலில் கரைமேல் நின்று படகு வரும் திசை நோக்கும் பெண்கள் என அவர் ஏடுகள் நிறைந்தன. 1881 அக்டோபரில் 'அயர்ன் கிரௌன்' என்னும் கப்பல் அருகிலுள்ள டைன்மவுத் கரையோரம் சிதைந்ததையும் அவர் நீர்வண்ணத்தில் பதிவு செய்தார். கடல் என்பது காட்சியன்று, சிலருக்கு அன்றாடப் பிழைப்பும் அன்றாட அச்சமும் அதுவே என்பதை அவ்வூர் அவருக்குக் கற்பித்தது.

1883இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பிரௌட்ஸ் நெக் முனைக்குக் குடிபெயர்ந்தார். குடும்பத்தாரின் வண்டிக் கொட்டகை ஒன்று அவருக்கு இல்லமும் ஓவியக் கூடமுமாக மாற்றி அமைக்கப்பட்டது. அதன் மாடி முகப்பிலிருந்து அட்லாண்டிக் பேராழியை எந்நேரமும் காணலாம். திருமணம் செய்துகொள்ளவில்லை, கோடை விருந்தினர் ஊர் திரும்பிய பின்னும், பனிக் காலத்தும் பெரும்பாலும் அங்கேயே தனித்திருந்தார். புயலே அவர் எதிர்நோக்கிய விருந்து.

தொடர்ந்து வந்த மூன்று ஆண்டுகளில் அவர்தம் பெரும்படைப்புகள் பிறந்தன. 1884இன் 'உயிர்க் கயிறு', உடைந்த கப்பலிலிருந்து ஒரு பெண்ணைக் கயிற்றில் தொங்கும் மிதவை வழியே மீட்கும் காட்சி. மீட்பவனின் முகத்தைக் காற்றில் பறக்கும் செந்நிறச் சால்வை மறைக்கிறது. வீரனுக்கு முகம் தந்திருந்தால் பார்வையாளர் அவனையே போற்றியிருப்பர். முகம் மறைந்ததால் கயிறும், அலையும், இரு உடல்களின் பாரமும் மட்டுமே எஞ்சுகின்றன.

1885இன் 'மூடுபனி எச்சரிக்கை' இன்னும் நுட்பமானது. அக்காலத்து ஆழ்கடல் மீனவர் தாய்க்கப்பலிலிருந்து டோரி எனப்படும் தட்டையடிச் சிறுபடகுகளில் பிரிந்து சென்று தூண்டிலிட்டு, மீன் நிறைந்ததும் மீள்வர். பனி மூடினால் கப்பல் கண்ணுக்கு மறையும். மறைந்தால் மீள்வது அரிது. ஓவியத்தில் தனியொருவன் துடுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறான். படகின் பின்புறம் பெரிய ஹாலிபட் மீன்கள், அடிவானில் கப்பல், அதன் பின்னே எழும் கரும்பனி. அவனுக்கு வாழ்வு தரும் மீனே அவன் விரைவைத் தடுக்கும் சுமையும் ஆகிறது. கப்பலை அடைந்தானா என்பதை ஓவியர் சொல்லவில்லை. தொலைவையும் பாரத்தையும் காலத்தையும் நம் கண்முன் வைத்து ஒதுங்கிக்கொள்கிறார்.

மெய்ம்மை நெறி என்பது கண்டதனைத்தையும் நிரப்புவது எனக் கருதுவோர்க்கு ஹோமரின் பிற்கால ஓவியங்கள் விடையளிக்கும். 1895இல் அவர் காட்சிக்கு வைத்த 'வடகீழ்க் காற்று' ஓவியத்தில், பாறைமேல் மழையுடை அணிந்த மனிதர் இருவர் பதுங்கியிருந்தனர். 1901க்குள் அதனை மீண்டும் தீட்டியபோது அவ்விருவரையும் அவர் நீக்கிவிட்டார். எஞ்சியவை பாறை, அலை, சிதறும் வெண்ணுரை. மனிதரை நீக்கியதால் மனிதம் குறையவில்லை. அம்மனிதர் நின்ற இடத்தில் இப்போது பார்ப்பவரே நிற்கிறார். ஒரு சொல்லை நீக்கிய பின்னரே செய்யுள் நிமிர்வதை அறிந்த கவிஞர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

ஆயினும் அவர் மனிதனை முற்றிலும் துறக்கவில்லை. 1884–85 குளிர்காலத்தில் பஹாமா, கியூபாப் பகுதிகளில் கண்டவற்றின் விளைவாக, 1899இல் 'வளைகுடா நீரோட்டம்' உருவாயிற்று. பாய்மரம் ஒடிந்த சிறுபடகில் ஒரு கருப்பின மனிதன் சாய்ந்து கிடக்கிறான், சுற்றிலும் சுறாக்கள், தொலைவில் நீர்த்தம்பம், படகின் தளத்தில் கரும்புத் துண்டுகள். அடிமை முறையும் கரும்புத் தோட்டமும் பிணைந்த கரீபிய வரலாற்றை அறிந்தோர்க்கு அக்கரும்பு வெறும் உணவன்று. ஒருமுறை காட்சிக்கு வைத்தபின், அடிவானில் ஒரு கப்பலையும் ஓவியர் சேர்த்தார். அது அவனைக் காண்கிறதா என்பது தெரியாது. அவன் பிழைப்பானா என விளக்கம் கேட்டவர்களுக்கு ஹோமர் எள்ளலுடனேயே மறுமொழி எழுதினார். படத்தின் பொருள் தலைப்பிலேயே இருக்கிறது என்பது அவர் நிலை. 1906இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதனை விலைக்கு வாங்கியது.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது; 'கோடை இரவு' ஓவியத்தைப் பிரெஞ்சு அரசே வாங்கியது. இச்சிறப்புகள் எவையும் அவரைப் பாறைக் கரையிலிருந்து பெயர்க்கவில்லை. 1910 செப்டம்பர் 29 அன்று தம் ஓவியக் கூடத்திலேயே மறைந்தார். அக்கூடத்தை 2006இல் போர்ட்லாண்ட் கலை அருங்காட்சியகம் பெற்று, பழைய நிலைக்குச் சீரமைத்து, 2012இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது.

கடலுக்கு இரக்கம் இல்லை என்றும் அவர் தீட்டவில்லை. இரக்கம் உண்டு என்றும் தீட்டவில்லை. துடுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும் மீனவனுக்கு ஆறுதல் மொழி எதுவும் அவர் கூறவில்லை. அவன் காணும் தொலைவைக் கூட்டாமல், குறைக்காமல் நமக்கும் காட்டினார். கடலில் உழைப்போர்க்கு ஒரு கலைஞன் செலுத்தத்தக்க மதிப்பு இதனினும் பெரிது இல்லை.