ஆங்கிலத்தில் மோடல் வினைகளும் வினையடைகளும்

முதன்மை வினைக்கு முன் நின்று இயலுமை, அனுமதி, கடமை, ஊகம் முதலியவற்றைக் காட்டும் ஆங்கிலத் துணைவினைகள் மோடல் வினைகள் எனப்படும். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய 9 சொற்கள் இவ்வகையின் மையம்.

வடிவம்: இவை படர்க்கை ஒருமையிலும் 'எஸ்' விகுதி ஏற்பதில்லை. அடுத்து வரும் வினை 'டு' இல்லாமல் வேர்வடிவில் நிற்கும். 'ஷி கேன் ஸ்விம்' சரி. 'ஷி கேன்ஸ் டு ஸ்விம்' பிழை.

பொருள்: 'யூ மஸ்ட் கோ' என்பதில் மஸ்ட் கடமை, 'யூ மஸ்ட் பி டயர்ட்' என்பதில் உறுதியான ஊகம். 'போக வேண்டும்', 'களைத்திருக்க வேண்டும்' என்று தமிழின் 'வேண்டும்' இரண்டையும் தருவது கற்போருக்குத் துணை. ஆனால் எதிர்மறையில் கவனம் தேவை: 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'; 'வேண்டியதில்லை' என்பதற்கு 'நீட் நாட்'.

வினையடையின் இடம்: ஆல்வேஸ், நெவர், ப்ராபப்லி போன்றவை பொதுவாக மோடலுக்கும் முதன்மை வினைக்கும் இடையே வரும்: 'ஹி வில் ப்ராபப்லி கம்'. சுருங்கிய எதிர்மறையில் ப்ராபப்லி முன்னே நகரும்: 'ஹி ப்ராபப்லி வோன்ட் கம்'. செய்யும் விதத்தைச் சொல்லும் வினையடை பெரும்பாலும் இறுதியில் அமையும்: 'யூ மஸ்ட் டிரைவ் கேர்ஃபுல்லி'. மே, மைட் ஆகியவற்றின் பின் 'வெல்' சேர்ந்தால் நிகழும் வாய்ப்பு வலுப்பெறும்: 'இட் மே வெல் ரெயின்'.

பொதுப் பிழை: 'மே பி', 'மேபி' இரண்டையும் குழப்புவது. 'மே பி' எனப் பிரித்து எழுதினால் வினைத்தொடர், 'மேபி' எனச் சேர்த்தால் 'ஒருவேளை' என்னும் வினையடை.