சோதனைச் சுடர்

ஆயுத பூசையன்று திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாது. பொட்டிட்ட வண்டிகள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் கற்பூரச் சுடர். பழம் நசுங்குகிறது, வண்டி புறப்படுகிறது. பார்த்து நிற்கும் சிறுவன் பழத்தையும் பயணத்தையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறான். அவனைக் குறை கூறோம். வண்டியைக் கிளப்பியது எது என்று அவனுக்கு எடுத்துரைக்காத நாமே குற்றவாளிகள்.

வண்டியின் அருகே சுடர் ஏற்றிப் பார்த்த காலம் ஒன்று மெய்யாகவே இருந்தது, தோழர்களே! ஆனால் அச்சுடர் அருள் வேண்டி ஏற்றியதல்ல. அறிவு கேட்டு ஏற்றியது. அந்த வரலாற்றைத்தான் இங்கு சொல்லப் புகுகிறோம்.

பெட்ரோலை அப்படியே ஊற்றினால் எஞ்சின் ஓடாது. அது ஆவியாகிக் காற்றோடு தக்க அளவில் கலந்தாக வேண்டும். கலவை மிகுந்தாலும் கிளம்பாது, குறைந்தாலும் கிளம்பாது. இந்த அளவைக் கண்டறிய மாந்தர் பட்ட பாடு கொஞ்சமன்று. 1888இல் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, கணவர் செய்த வண்டியில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். 1893இல் மேபாக் எரிபொருளைத் தூவலாகத் தெளிக்கும் கார்புரேட்டரைக் கண்டார். 1908இல் வந்த போர்டு டி வண்டியிலோ எண்ணெய் தன் எடையால் வழிந்தே எஞ்சினுக்குச் சென்றது. தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கையில் செங்குத்தான மேடு வந்தால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றினர். குறை கண்டனர், திருத்தினர், மீண்டும் குறை கண்டனர். அதுதான் அறிவியல் நடந்து வந்த பாதை.

நம் பக்கத்திலும் அந்தப் பாதை உண்டு. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் பழனிக்கு, 1920இல் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஓட்டினார் ஜி.டி. நாயுடு. பட்டம் பெறாத உழவர் மகன். பொறியைப் பிரித்துப் பார்த்தே பொறியியல் கற்றவர்.

பின்னர் வந்தது இரண்டாம் உலகப் போர். 1941இல் பெட்ரோலுக்குப் பங்கீடு. 1942 ஏப்ரலில் பர்மாவின் ஏனாங்சவுங் எண்ணெய்க் கிணறுகள், சப்பானியர் கைக்குப் போகாதிருக்க, பிரிட்டிஷாராலேயே அழிக்கப்பட்டன. பஸ்கள் நின்றால் மக்கள் எங்ஙனம் செல்வர்? மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்து உருவாக்கினார். நம் பாட்டன்மார் 'கரி பஸ்' என்றழைத்த வண்டி இத்தகைய கலத்தால் ஓடியதுதான்.

வண்டியின் பின்புறம் ஓர் இரும்பு உருளை, அதில் அடுப்புக்கரி. கொல்லன் துருத்தி ஊதுவதுபோலக் கைவிசிறியைச் சுழற்றிக் காற்றைச் செலுத்த வேண்டும். கரி கனன்று கார்பன் டை ஆக்சைடு பிறக்கும். அது செந்தணலினூடே செல்கையில் எரியத்தக்க கார்பன் மோனாக்சைடாக மாறும். அந்த வாயு குளிர்ந்து, சாம்பல் வடிகட்டப்பெற்று, எஞ்சினைச் சேரும்.

வாயு பதத்துக்கு வந்துவிட்டதா? அதை அறியத்தான் சுடர்! வெளிக்குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டுவர். புகைந்து அணைந்தால் பதமில்லை, இன்னும் சுற்று. சுடர் நின்று எரிந்தால் பதம், எஞ்சினைக் கிளப்பு. சிறிது பெட்ரோலில் கிளப்பிவிட்டுப் பின் கரிவாயுவுக்கு மாற்றுவதும் உண்டு. ஈரக்கரியைப் போட்டவனுக்கு எந்த மந்திரமும் உதவாது.

குறைகளை மறைக்கமாட்டோம். பெட்ரோலில் கிடைத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளினர். அதனினும் கொடியது அந்த வாயு. நிறமில்லை, மணமில்லை, குருதியில் உயிர்வளி அமர வேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொள்ளும் நஞ்சு. மூடிய கொட்டகையில் விசிறி சுற்றியவனின் தலை சுழன்றால், 'காற்று கருப்பு அடித்தது' என்று திருநீறு பூசுவதா? கதவைத் திறந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவருவதா? அறிவு அங்கே வாதப்பொருள் அன்று, உயிர்ப்பொருள்.

இந்த முறை நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டு இம்பேர் 1920களிலேயே விறகுவாயுக் கலம் கண்டார். போர் முடியும் வேளையில் செர்மனியில் ஏறத்தாழ 5,00,000 வண்டிகள் இவ்வகை வாயுவால் ஓடின. அதே அறிவு, அதே நெருப்பு, அதே சோதனை. கரி எந்த நாட்டானின் கையில் இருக்கிறது என்று பார்த்து எரிவதில்லை.

கலம் வகுத்தவரின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. விடியுமுன் எழுந்து கரி தட்டி, விசிறி சுற்றி, சுடரின் நிறம் பார்த்து, 'இப்போது கிளப்பலாம்' என்று துல்லியமாகச் சொன்ன கிளீனர் பையனின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? எழுத்தறியாத அவனும் ஒரு சோதனையாளனே. கண்டதை நம்பினான், காணாததைச் சுடரிடம் கேட்டறிந்தான்.

அடுத்த ஆயுத பூசைக்கு உங்கள் தம்பியையோ தங்கையையோ பணிமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழத்தை நகர்த்தி வைத்துவிட்டு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் எங்கிருந்து வருகிறது, எங்கே காற்றோடு கலக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்கட்டும். கையில் மசியோடு விடை சொல்லும் தொழிலாளியின் பெயரையும் கேட்டறிந்து வரட்டும்.